அம்மாவுக்கு 70 வயது. படுத்து எழுந்தாலே தலை சுற்றுகிறது என்கிறார். பித்தம் என்கிறார்கள், பிபி என்கிறார்கள். யாரிடம் காட்டுவது?

இஎன்டி டாக்டரிடம் காட்டுங்கள். இது தெரியாமல் என் அம்மாவை மூன்று மாதம் படுத்தி எடுத்துவிட்டோம்.

அம்மாவுக்கு அப்போது 68. மேல்தட்டில் இருந்த புளி ஜாடியை எடுக்க அண்ணாந்தவர், அடுப்பு மேடையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வீடே சுத்துதுடி" என்றார். முதலில் பார்த்த டாக்டர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்மானம் என்று காலர் மாட்டிவிட்டார். அந்த வயதில் அநேகமாக யார் கழுத்திலும் தேய்மானம் தெரியும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மாத்திரை போட்டால் தூக்கம்தான் வந்தது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். அது எனக்குத் தெரியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

இஎன்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சுத்துதாம்மா, இல்ல கண்ணு இருட்டுதா? எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்கூட இருக்காது. வலப்பக்கம் திரும்பிப் படுத்தா வரும்."

கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். சில நொடி ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் கருவிழிகள் தாமாகவே வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. நகம் பதிய என் கையைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது.

உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் உண்டு. வயதாக ஆக அவை உதிர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுமாம். தலையை அசைத்தால் துகள் உருண்டு உள்ளே இருக்கும் திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் சுற்றுவதாக மூளைக்குச் சேதி போகும். பிபிபிவி என்று பெயர். அந்தத் துகளைக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவர, டாக்டர் அதே நிலையிலிருந்து தலையை மறுபக்கம் திருப்பி, ஒருக்களிக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கச் செய்து, மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். 1992-இல் ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்த முறை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை செய்தார். காலரைக் கழற்றியாயிற்று. ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப வந்தது, அதே முறையில் போனது.

அதனால் உங்கள் அம்மாவிடம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கேளுங்கள். புரண்டு படுத்தால் சில நொடி என்றால் பெரும்பாலும் இதுதான். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் பிபியைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். காது இரைச்சலும் மந்தமுமாக மணிக்கணக்கில் சுற்றினால் அது வேறு காது நோயாக இருக்கலாம். பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

யூடியூப் பார்த்து நீங்களாகத் தலையைத் திருப்ப வேண்டாம். எந்தக் காது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை ராத்திரி பாத்ரூம் விளக்கை எரியவிடுங்கள், நீங்களும் பக்கத்திலேயே படுங்கள். தண்ணீர் குடிக்கிறாரா என்றும் பாருங்கள்.