எங்கள் தெருவை வணிகப் பகுதியாக மாற்றப் போகிறார்களாம். குடியிருப்பவர்கள் தடுக்க முடியுமா?

முயலலாம், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். சென்னையில் நில வகைப்பாட்டை மாற்ற, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அறிவிப்பில் கிராமத்தின் பெயரும் சர்வே நம்பரும்தான் கண்ணில் படும். படிப்பவருக்கு அது தன் தெரு என்றே தெரியாது. முதலில் பட்டாவை எடுத்து நம்பரை ஒத்துப் பாருங்கள், கெடு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மனு. ஒரே ஜெராக்ஸில் இருநூறு கையெழுத்து வாங்குவதை விட, வீட்டுக்கு வீடு தனித்தனியாக எழுதுவது மேல் என்பேன். 'அமைதி கெடும்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. டேப் பிடித்துத் தெருவின் அகலத்தை அளந்து எழுதுங்கள். லாரி திரும்ப இடமில்லை, மழைக்குச் சாக்கடை பொங்குகிறது என்றால் படத்தோடு காட்டுங்கள். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளம்பாதீர்கள். கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆர்டிஐயில் கேட்கலாம். ஆட்சேபத்தையும் மீறி மாற்றத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அப்போது அந்த முத்திரை போட்ட நகல்தான் கையில் இருக்கும் சாட்சி.