சிபாரிசுக் கடிதம் தவிர வேறு எதையும் கேளுங்கள்

டெல்டா தொகுதி ஒன்றில் எம்.எல்.ஏ. அலுவலகத்து மனுப் பிரிவைக் கவனிப்பவரிடம் குழு உறுப்பினர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.

வலங்கைமான்: சார், மழையில மூணு மா சம்பாவும் அழுகிப்போச்சு. இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன். எங்க கிராமத்துக்கு ஒண்ணும் வரலைங்குறாங்க. எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னா நடக்குமா?

நடக்காது. 2025 வரையிலான விதிப்படி நெல்லுக்கான காப்பீடு உங்கள் வயலைப் பார்த்துத் தருவதல்ல, வருவாய் கிராமத்தைப் பார்த்துத் தருவது. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி மகசூல் எடுப்பார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து ஓர் எல்லை வகுத்திருப்பார்கள். கிராமச் சராசரி அந்த எல்லைக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. பள்ள வயல்காரர் மூழ்கி, மேட்டு வயல்காரர் நன்றாக அறுத்துவிட்டால் கணக்கு தேறாது. அதில் அநியாயம் உண்டு, ஆனால் அன்றைய விதி அதுதான்.

உங்களுக்கு வழி வெள்ள நிவாரணம். அது காப்பீட்டோடு சம்பந்தமில்லாதது. பாதிப்பு 33 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.வும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து வயலுக்கு வந்து கணக்கெடுப்பார்கள். 2022-26 பேரிடர் நிதி விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் 2 ஹெக்டேர். மூணு மா என்றால் ஓர் ஏக்கர், சுமார் 6,900 வரும். மாநில அரசு சில ஆண்டுகளில் கூட்டித் தருவதும் உண்டு.

பெரும்பாலும் எங்கே தவறுகிறது என்றால், கணக்கெடுக்க வரும்போது தண்ணீர் வடிந்திருக்கும், பயிர் நிமிர்ந்ததுபோலத் தெரியும். தண்ணீர் நிற்கும்போதே வரப்பும் பக்கத்து அடையாளமும் தெரிய, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பட்டியல் எழுதியதும் உங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். 112/3 என்பதை 112 என்று விட்டுவிட்டால் பணம் நின்றுவிடும்.

ஒரத்தநாடு: காப்பீடு கட்டக் கடைசி நாள் எப்போ, எவ்வளவு ஆகும்?

சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். விவசாயி பங்கு 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் 540 ரூபாய். அடங்கல் (எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவு), சிட்டா (நில உரிமைப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரை எழுதாமல், நிலம் இருக்கிற வருவாய் கிராமத்தை எழுதுங்கள். இதில் தவறுபவர்கள் ஏராளம். ரசீதில் கிராமப் பெயரைப் படித்துவிட்டு எழுந்திருங்கள்.

திருத்துறைப்பூண்டி: வெள்ளத்துல ஒரு கறவை மாடு போயிடுச்சுங்க. புதைச்சாச்சு. ஏதாவது கிடைக்குமா?

அதே 2022-26 விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 வரை, ஆட்டுக்கு 4,000 வரை உண்டு. ஆனால் கால்நடை உதவி மருத்துவரின் சான்று வேண்டும். புதைக்கும் முன் அவரை அழைத்திருக்க வேண்டும். இப்போது வி.ஏ.ஓ. அறிக்கை, பக்கத்து வீட்டார் சாட்சி, காது வில்லை எண் மூன்றையும் சேர்த்து மனு கொடுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இனி எவருக்கும்: முதலில் மருத்துவர், பிறகு மண்வெட்டி.

நன்னிலம்: குத்தகைக்குப் பத்து மா பயிர் வைக்கிறேன். நிலக்காரர் சென்னையில. அடங்கல் அவர் பேர்ல. நிவாரணம் வந்தா அவர் கணக்குக்குப் போகுது. மூணு வருஷமா இதே கதைதான். என்ன செய்ய?

உங்கள் பெயரில் சாகுபடி அடங்கல் வேண்டும். யார் உழுது நடுகிறாரோ அவர் பெயரை வி.ஏ.ஓ. வயலில் பார்த்து எழுத வேண்டும் என்பதே முறை. வாய்மொழிக் குத்தகை என்பதால் எழுத மறுத்தால், 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேடு சட்டத்தின்படி பதிவு அலுவலரிடம் மனுச் செய்யலாம். தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். குத்தகை கொடுத்த ரசீது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, உரம் வாங்கிய பில், பக்கத்து வயல்காரர் வாக்குமூலம் எல்லாம் சான்றாகும்.

கும்பகோணம்: ஐயா, ரசீது கொடுத்தா அப்புறம் நிலம் யாருது? எங்க அப்பா காலத்துல பதிவு பண்ணினவன் இன்னிக்கு வரைக்கும் வெளியே போகலை. அதனாலதான் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டேங்குறாங்க. அதையும் சொல்லுங்க.

நன்னிலம்: அண்ணே, உங்க நிலம் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க பயிருக்கு வந்த பணத்தை எங்ககிட்ட குடுங்க.

கும்பகோணம்: நான் எடுக்கலை தம்பி. எல்லாரையும் ஒரே தராசுல போடாதீங்க.

பாபநாசம்: கோயில் நிலத்துல இருக்கறவங்க கதி? அங்க நிலக்காரர் சாமி. சாமி கையெழுத்துப் போடுமா?

மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கும்பகோணத்தார் பயம் பொய்யல்ல. 1955 சட்டத்தின்படி சாகுபடி குத்தகைதாரரை வருவாய் நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும், அதற்கும் காரணம் வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் குத்தகை பாக்கி வைப்பதும் ஒரு காரணம். நியாயக் குத்தகை மொத்த விளைச்சலில் 25 சதவீதம். நிலக்காரர் வாங்க மறுத்தால் குத்தகைதாரர் அதை வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். ரசீது இல்லாதவருக்குத்தான் இதில் ஆபத்து, கட்டியதை நிரூபிக்க முடியாது. தானோ தன் குடும்பமோ வயலில் உழைக்காமல் ஆளை வைத்துப் பார்ப்பவர் சாகுபடி குத்தகைதாரர் என்ற கணக்கில் வரமாட்டார். இதையும் இரு தரப்பும் மறந்துவிடுகிறார்கள்.

பதிவுக்கு நிலக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த ஒரு பருவத்துக்காவது, இந்தச் சர்வே எண்ணில் இன்னார் சாகுபடி செய்கிறார், காப்பீடும் நிவாரணமும் இவருக்கே என்று கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். பல இடங்களில் இது வேலை செய்திருக்கிறது. கோயில் நிலத்துக்கு சாமி கையெழுத்துப் போட வேண்டாம், செயல் அலுவலர் போடுவார். குத்தகை பாக்கி இல்லை என்ற சான்றோடு போங்கள். பாக்கியோடு போனால் சான்று கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும்.

இனி இந்தச் சண்டையை இங்கே நீட்ட வேண்டாம். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

சீர்காழி: மகளிர் உரிமைத் தொகை நிராகரிச்சிட்டாங்க. எம்.எல்.ஏ. லெட்டர் வேணும்.

லெட்டரால் ஆகாது. நிராகரித்த காரணத்தைக் குறுஞ்செய்தியில் பாருங்கள். 2023ல் அறிவித்த விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட் என எல்லைகள் உண்டு. இந்த எல்லைகளை மீறியதாகத் தவறாகக் கணக்கிட்டிருந்தால் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். செய்தி வந்த 30 நாளுக்குள் என்பது அன்றைய விதி. விற்றுவிட்ட கார் இன்னும் உங்கள் பெயரில் இருப்பதும், தனிக் குடும்பமாகிப் போன மகன் குடும்ப அட்டையில் தொங்குவதும்தான் அடிக்கடி வரும் காரணம். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

மன்னார்குடி: முதியோர் பென்சனுக்கு எம்.எல்.ஏ. லெட்டர்?

மேலே சீர்காழிக்குச் சொன்னதைப் படியுங்கள், லெட்டரால் ஆகாது.

நீடாமங்கலம்: எங்க தெருவுக்கு எம்.எல்.ஏ. நிதியில வீட்டு வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு போடச் சொல்லணும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. பள்ளி வகுப்பறை, அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், பயணியர் நிழற்குடை எனப் பொதுச் சொத்துக்கு மட்டும். தனி வீட்டுக்குப் போகாது. தெருவுக்கே பொது வேலை வேண்டுமென்றால் ஊராட்சித் தீர்மானத்தோடு வாருங்கள். நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர்.

வேதாரண்யம்: கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம்னு நெல்லைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

எல்லை 17 சதவீதம். மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்த்தினால் மட்டும் கூடும். தார்ப்பாயில் கால் சாணுக்கு மேல் உயரமாகக் குவிக்காமல் மெல்லிசாகப் பரப்பி, மணிக்கொருமுறை கிளறி, வெயில் இறங்கும் முன் மூடுங்கள். மேல் நெல் காய்ந்து அடி நெல் ஈரமாக இருந்தால் சாக்கில் கலந்ததும் மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். அளக்கும்போது எண்ணை நீங்களே பாருங்கள். சாக்கு 40 கிலோ. அதற்கு மேல் நிறுத்தினாலும், சாக்குக்கு இவ்வளவு என்று காசு கேட்டாலும் 1100க்கு அழைத்து மனு எண் வாங்குங்கள்.

மயிலாடுதுறை: அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். காப்பீட்டு அட்டை இல்லை. எம்.எல்.ஏ. லெட்டர் கொடுத்தா மருத்துவமனை எடுத்துக்குமா?

லெட்டர் வேண்டாம் என்று எத்தனை முறை! ஆனால் இது அவசரம், அதனால் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியரகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். உதவிக்கு 1800 425 3993. அறுவை முடிந்தபின் அட்டை எடுத்தால் பணம் திரும்பாது. இன்றே போங்கள்.

தஞ்சாவூர்: வெள்ளம் வந்தா யாருக்கு போன் பண்றது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. மின்கம்பி அறுந்தால் 94987 94987. கம்பியைத் தொடாமல் தள்ளி நின்று அழையுங்கள்.

மன்னார்குடி: பென்சன் மனு கொடுத்து நாலு மாசம் ஆச்சு சார்.

மனு எண் என்ன? ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கொடுத்திருந்தால் மனுவே இல்லை என்றுதான் அர்த்தம். எண் இருந்தால் அனுப்புங்கள், எந்த மேசையில் கிடக்கிறது என்று நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.