சாலையோரத்துக் காசுப்பெட்டி

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக ஒஹாயோவில் இருக்கிறேன். போன இலையுதிர் காலத்தில் பெர்ரி கவுன்ட்டி வழியாகப் போனபோது, சாலையோரம் ஒரு மேசையில் பூசணிக்காயும் சோளமும் அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு தகரப்பெட்டி மட்டும் வைத்திருந்தார்கள். ஆளே இல்லை. காசைப் போட்டுவிட்டு ஒரு பூசணிக்காய் எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, லாரி ஹவுஸ்ஹோல்டர் அந்த ஊர்க்காரர் என்று. ஊழல் வழக்கில் கைதான பிறகும் அந்த ஜனங்கள் அவரை மறுபடி ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். ஆளில்லாத கடையில்கூடக் காசைத் திருடாத ஊர் இதை எப்படிச் செய்தது? எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த கிராமப்புறத்தில் அரசியல் கொஞ்சமாவது சுத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் அந்தத் தகரப்பெட்டிதான் என்னை நிறுத்தியது. அந்தப் பெட்டியில் கை வைத்தால் யாருடைய காசு போகும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சட்டமன்றத்தில் நடக்கும் திருட்டில் அது தெரிவதில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

வழக்கை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹவுஸ்ஹோல்டர் அப்போது ஒஹாயோ கீழவையின் சபாநாயகராக இருந்தவர். 2019 ஜூலையில் ஹவுஸ் பில் 6 என்று ஒரு சட்டம் நிறைவேறியது. நஷ்டத்தில் ஓடுவதாகச் சொல்லப்பட்ட இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற ஒவ்வொரு வீட்டு மின்கட்டணத்திலும் மாதம் 85 சென்ட் வரை சேர்க்கலாம் என்றது அது. அதற்காக ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்நிறுவனமும் அதைச் சேர்ந்தவர்களும் அவருடைய ஆட்கள் நடத்திய ஒரு அமைப்புக்குக் கொடுத்த பணம் சுமார் 60 மில்லியன் டாலர். 2020 ஜூலையில் அவருடைய பண்ணையில் வைத்தே கைது செய்தார்கள். 2023 ஜூனில் 20 ஆண்டு சிறைத்தண்டனை. நிறுவனமும் 2021-இல் நடந்ததை ஒப்புக்கொண்டு 230 மில்லியன் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது.

85 சென்ட் என்றால் ஒரு காபிகூட வராது. யாரும் அதற்காகத் தெருவில் இறங்கமாட்டார்கள். நல்லவேளையாக வசூல் தொடங்குவதற்குள் நீதிமன்றம் தடுத்துவிட்டது, அணுமின் பகுதியைச் சட்டமன்றமே 2021-இல் நீக்கியது. ஆனால் அதே சட்டத்தில் இரண்டு பழைய நிலக்கரி ஆலைகளுக்கென்று இருந்த கட்டணம் அதன்பிறகும் வருடக்கணக்கில் ஓடியது. உங்கள் வீட்டு மின்கட்டணத்திலும் அது இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

சரி, கைதான பிறகும் ஏன் ஓட்டுப் போட்டார்கள்? வாக்குச்சீட்டில் எதிர்த்து நிற்க யாரும் இல்லை, பெயரைக் கையால் எழுதிப் போடும் வேட்பாளர்கள்தான் இருந்தார்கள். அது ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொல்லி அந்த மக்களை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசு பள்ளிக்கூடங்களுக்குப் பணம் பிரிக்கும் முறை அநியாயம் என்று 1991-இல் ஒஹாயோ அரசின்மேல் தொடுத்த டிரோல்ஃப் வழக்கு பெர்ரி கவுன்ட்டியிலிருந்து போனதுதான். 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த முறை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் அது சரியாவதற்கு வருடக்கணக்கில் இழுத்தது. வழக்கில் ஜெயித்தும் பணம் கைக்கு வராத ஒரு ஊரில், நம்ம ஊர்க்காரர் ஒருவர் தலைநகரில் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? இனிமேலாவது நமக்குச் சேரவேண்டியது வரும் என்றுதான் நினைப்பார்கள். அவர் யாரிடம் வாங்கினார் என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது, ஆனால் புரிகிறது.

இன்னொன்று, அந்தப் பணத்தை வெறுமனே உறையில் போட்டு ஓட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்ததாக நினைக்காதீர்கள். அவருடைய கடனுக்கும் ஃப்ளோரிடா வீட்டுக்கும் அரை மில்லியன் போல போனது உண்மை. ஆனால் பெரும்பங்கு எங்கே போனது? 2018 தேர்தலில் அவருக்கு விசுவாசமான வேட்பாளர்களை ஜெயிக்க வைக்கவும், அப்புறம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் விளம்பரங்களுக்கும். ஜெயித்து வந்தவர்கள் அவரைச் சபாநாயகர் ஆக்கினார்கள். ஓட்டை வாங்குவதைவிட ஓட்டுப் போடப்போகும் ஆளின் நாற்காலியை முன்கூட்டியே வாங்கிவிடுவது சுலபம், கிராமத்துத் தொகுதியில் மலிவும்கூட.

மான்டானாவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பதினோரு லட்சம் பேர் மட்டுமே உள்ள, பரப்பில் பெரிய மாநிலம், கீழவையில் நூறு பேர், அதாவது பத்துப் பதினோராயிரம் பேருக்கு ஒரு உறுப்பினர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 90 நாள்தான் சபை கூடும். உறுப்பினருக்கென்று தனி உதவியாளர் கிடையாது. மாடு வளர்ப்பவர், வாத்தியார், ஓய்வுபெற்ற தொழிலாளி என்று வருபவர்கள் நூற்றுக்கணக்கான மசோதாக்களைத் தாங்களே படித்துத் தீர்க்கவேண்டும். அந்த நேரத்தில் வாசலில் நின்று விளக்கிச் சொல்லத் தயாராக இருப்பவர் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆள். அவர் பணமே கொடுக்கவேண்டாம், விளக்கம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அங்கே 2010 உட்கட்சித் தேர்தலில் கடைசி நாட்களில் வீடு வீடாகத் தபாலில் வந்த, எதிர்வேட்பாளரைத் தாக்கி எழுதிய அட்டைகளுக்குப் பின்னால் வெளிமாநில அமைப்பின் பணம் இருந்தது. அந்த உதவியைச் சட்டவிரோதமாகப் பெற்றதாக ஆர்ட் விட்டிச் என்ற உறுப்பினரை 2016-இல் ஒரு ஜூரி பொறுப்பாக்கியது, 68 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது.

ஆனால் மான்டானா இதையெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. அப்போது அமெரிக்க செனட்டர்களை மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். 1899 ஜனவரியில் ஃப்ரெட் வைட்சைட் என்ற மாநில செனட்டர் சபையில் எழுந்து, உறைகளில் இருந்த 30,000 டாலரை, ஆயிரம் ஆயிரமாக முப்பது நோட்டை, எல்லார் முன்னிலையிலும் காட்டினார். செம்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க்கைத் தேர்ந்தெடுக்க அவருடைய ஆட்கள் கொடுத்த பணம் இது என்றார். வைட்சைட்டும் கிளார்க்கும் ஒரே கட்சி. போட்டி முதலாளியான மார்கஸ் டேலியின் சூழ்ச்சி இது என்று கிளார்க் தரப்பு சொன்னது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே சபை கிளார்க்கையே தேர்ந்தெடுத்தது. வைட்சைட்டின் இடம்தான், தேர்தல் தகராறு என்று காரணம் சொல்லிப் பறிபோனது. நோட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் ஓட்டுப் போட்டார்கள், ஆர். பெர்ரி கவுன்ட்டி ஜனங்கள் அப்படி எதையும் கண்ணால் பார்க்கவில்லை.

விஷயம் வாஷிங்டனுக்குப் போய், கிளார்க் 1900-இல் ராஜினாமா செய்யவேண்டி வந்தது. அடுத்த வருடமே வேறொரு சட்டமன்றம் தேர்ந்தெடுக்கத் திரும்பி வந்துவிட்டார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் ஜனங்கள் மறக்கவில்லை. 1912-இல் அவர்களே ஓட்டுப் போட்டு, தேர்தலில் நிறுவனங்கள் பணம் போடக்கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் நாடு முழுக்க செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தமும் வந்தது. மான்டானாவின் அந்தச் சட்டம் நூறு வருடம் நின்றது. 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை அது பெரிய தவறு.

அதோடு முடியவில்லை. 2015-இல், தேர்தலில் செலவழிக்கும் அமைப்புகள் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாகவேண்டும் என்ற மசோதாவை மான்டானா செனட்டில் கொண்டுவந்தவர் டுவேன் ஆன்க்னி. கோல்ஸ்ட்ரிப் என்ற நிலக்கரி ஊர்க்காரர், வாழ்நாளெல்லாம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், குடியரசுக் கட்சி. சபையில் பெரும்பான்மை அவருடைய கட்சிதான், அதன் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். கையெழுத்துப் போட்ட ஆளுநர் எதிர்க்கட்சிக்காரர். சொந்தக் கட்சியை மீறி ஒருவர் இப்படி நிற்பது கிராமத்துத் தொகுதியில் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காருபவரும் அதே கட்சி, மளிகைக்கடையில் வரிசையில் முன்னால் நிற்பவரும் அதே கட்சி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்று எழுதியிருந்தீர்களே, அது நேர்மையைக் காப்பாற்றுவதைவிட அதற்கு விலை கூட்டுவதுதான் அதிகம்.

ஒஹாயோவிலும் இப்படி ஒருவர் இருந்தார். ஹவுஸ் பில் 6-ஐ ரத்து செய்ய மக்களிடம் கையெழுத்து வாங்கிய இயக்கத்தில் வேலை பார்த்தவர், அவரும் குடியரசுக் கட்சிக்காரர். உள்விவரம் சொன்னால் 15,000 டாலர் என்று பேரம் பேசினார்கள். அவர் எஃப்பிஐ-க்குப் போனார். பேரம் பேசியவர் அந்த மாநிலக் கட்சிக்கே தலைவராக இருந்தவர், அவருக்கு ஐந்து வருட தண்டனை கிடைத்தது. ஹவுஸ்ஹோல்டரை 2021 ஜூனில் 75-க்கு 21 என்று சபையிலிருந்து வெளியேற்றியபோது அவருடைய கட்சிக்காரர்கள் பலரும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். ஆனால் அதற்குள் அவர் கைதாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அன்புடன்.