1977இல் கோலாலம்பூர் அருகே சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த ஜப்பான் விமானம் ஏன் குன்றில் மோதியது?

ஓடுபாதை கண்ணில் படும் முன்பே அது ‘குறைந்தபட்ச இறங்கு உயரத்தை’த் தாண்டிக் கீழே வந்துவிட்டது. ஓடுபாதையைப் பார்க்கும்வரை விமானி எந்த உயரத்துக்குக் கீழே போகக்கூடாதோ, அதுதான் இது. வழியிலுள்ள குன்று, மரம், கோபுரம் எல்லாவற்றுக்கும் மேலே போதிய இடைவெளி விட்டு இதை வகுக்கிறார்கள். பாதை தெரியவில்லையா? மறுபடி மேலேறிச் சுற்றி வரவேண்டும்.

கெந்திங் மலையிலிருந்து பனிமூட்டத்தில் கார் ஓட்டி இறங்கியவர்களுக்கு இது உடனே புரியும். சாலையின் வெள்ளைக்கோடு மறைந்துவிட்டால், ‘வளைவு இந்நேரம் முடிந்திருக்கும்’ என்று நம்பி யாரும் வண்டியை விடமாட்டார்கள். மேகம் கிழிந்து விளக்குகள் தெரியும்வரை விமானிக்கும் அதே நிலைதான்.

அன்று செப்டம்பர் 27, வானிலை மோசம். ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 எல்மினா தோட்டத்தில் விழுந்தது. இன்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் அதே எல்மினா பக்கம்தான். 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். நினைத்தாலே மனம் கனக்கிறது.

அப்புறம், இதைக் கடத்தப்பட்ட விமானம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்த மலேசிய விமானம். அதே ஆண்டு டிசம்பர் 4இல் ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்தது.