எம்.எஸ்சி. படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. ராஜபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சம்பளம் 17,500 ரூபாய், மாலை டியூஷனில் 5,000. கணவருக்கு நூற்பாலையில் 22,000. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். நான் படித்தது கணினிப் பயன்பாட்டுடன் கூடிய பி.எஸ்சி. கணிதம், பி.எட். முதுகலை முடித்தால் பிளஸ் டூ வகுப்பு தந்து மாதம் 6,000 கூட்டித் தருவதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கான பி.ஜி. டிஆர்பி தேர்வு எழுதவும் ஆசை. வேலையை விட்டுவிட்டு ரெகுலர் கல்லூரியில் சேர வருடத்துக்கு 45,000 ஆகும். தொலைநிலையில் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 32,000. ஒரே வருடத்தில் எம்.எஸ்சி. வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் 60,000 கேட்கிறார். எம்.ஏ. வரலாறு சுலபம் என்கிறாள் தோழி. டெபாசிட்டில் 1,80,000 இருக்கிறது. அம்மா போட்ட ஆறு சவரனை அடகு வைத்து ரெகுலரில் சேர்ந்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகையையும் தொட வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். படிப்பை மட்டும் விடாதீர்கள். தொலைநிலையில், கணிதத்திலேயே சேருங்கள்.

ரெகுலர் கல்லூரிக்கு 90,000 ரூபாய்தான் செலவு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பெரிய செலவு அந்தக் கணக்கில் வரவே இல்லை. வேலையை விட்டால் 24 மாதச் சம்பளம் போகிறது. 17,500 வீதம் 4,20,000 ரூபாய். கட்டணத்தையும் சேர்த்தால் 5,10,000. அடகு வட்டி தனி. பள்ளி தரும் 6,000 ரூபாய் உயர்வை வைத்து இந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 85 மாதம் ஆகும், அதாவது ஏழு வருடத்துக்கும் மேல். தொலைநிலையில் 32,000. புத்தகம், தேர்வுக்குப் போய்வரும் பஸ் செலவு என்று இன்னொரு 10,000 வைத்துக்கொள்வோம். ஏழே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அந்த 6,000-ஐ நம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பள்ளியில் இப்போது பிளஸ் டூ எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம், சொன்ன தொகை உண்மையிலேயே கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.

இன்றைக்கு உங்கள் வீட்டு வருமானம் 44,500. நீங்கள் வேலையை விட்ட மாதமே அது 27,000 ஆகிவிடும். அதில் வீட்டு வாடகை, மகளுடைய ஸ்கூல் ஃபீஸ், அதற்கு மேல் அடகு வட்டி. என்னிடம் வருகிறவர்களில் நகையை இழந்தவர்கள் பலருக்கு அசலைக் கட்ட முடியாமல் போனதில்லை. வட்டி கட்ட வேண்டிய மாதத்தில் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்திருக்கும், அவ்வளவுதான். கல்விக் கடன் வாங்கினால் வட்டிக்கு வரிச்சலுகை உண்டே என்று யாராவது சொல்லலாம். உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியே வராது, ஆகவே அந்தச் சலுகையால் பயனில்லை.

அடுத்து டிஆர்பி. இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பணத்தைவிடத் தகுதியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையும் பி.எட்.-டும் வேண்டும். முதுகலையில் 50 சதவீத மதிப்பெண் எடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. ‘பாஸானால் போதும்’ என்று எம்.எஸ்சி. கணிதத்தை எழுதினால் பின்னால் வருத்தப்படுவீர்கள். இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும், அல்லது இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். கணிதம் படித்த நீங்கள் எம்.ஏ. வரலாறு முடித்தால் அது கிராஸ் மேஜர். கையில் பட்டம் இருக்கும், விண்ணப்பிக்க முடியாது. தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் இந்த விஷயத்தில் கேட்காதீர்கள்.

இன்று சாயங்காலமே பீரோவிலிருந்து உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்து, பாடத்தின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வெறும் ‘கணிதம்’ என்று இருக்கிறதா, ‘கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம்’ என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால், அதைக் கணிதத்துக்கு இணையாக்கும் அரசாணையைத் தேடி ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் அந்த ஒரு வரிக்காகக் கண் கலங்கி நின்ற பெண்ணை எனக்குத் தெரியும்.

ஏஜென்ட் பேச்சை இத்தோடு விடுங்கள். மூன்று வருட இளங்கலைக்குப் பிறகு முதுகலை என்றால் இரண்டு வருடம். ஒரு வருடத்தில் வாங்கித் தருகிறேன் என்பவர் உங்கள் 60,000-ஐ வாங்கிக்கொண்டு ஒரு தாளைத் தருவார், அந்தத் தாளால் வழக்குதான் வரும். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைப் பிரிவில் சேருங்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கே யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது.

அரசு வேலையை ஆசையாக வைத்துக்கொள்ளுங்கள், பட்ஜெட்டில் எழுதாதீர்கள். பி.ஜி. டிஆர்பி வருடா வருடம் வருவதில்லை. 2019-இல் 2,144 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, 2021-இல் 2,207 இடங்களுக்கு, அப்புறம் 2025-இல்தான் 1,996 இடங்களுக்கு. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான், எழுதியவர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல்.

உங்கள் கேள்வியில் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. 2025 ஜூலை முதல் தந்த 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 57,512-உம் 58,302-உம். தொடக்கத்தில் மாதம் 790 ரூபாய்தான் வித்தியாசம்! பட்டதாரி ஆசிரியர் பணிக்கு உங்களிடம் உள்ள பட்டமே போதும். டெட் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்று, அதன்பின் நியமனத் தேர்வு எழுத வேண்டும். ஒருமுறை வாங்கிய டெட் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். எம்.எஸ்சி. உங்களுக்கு இரண்டாவது கதவு. முதல் கதவு இப்போதே உங்கள் முன்னால் இருக்கிறது, அதையும் தட்டுங்கள்.

சரி, 32,000-க்கு எங்கே போவது? இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,350 கூட வராது. டியூஷன் பணத்திலிருந்து மாதம் 1,500-ஐத் தனியாக ஆர்.டி. போடுங்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் டெபாசிட்டிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, ஆர்.டி. முதிர்ந்ததும் அங்கேயே திருப்பி வையுங்கள். மீதி டெபாசிட் உங்கள் குடும்பத்தின் ஆபத்துக் காலப் பணம், அதில் கை வைக்காதீர்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அதையும் எடுக்க வேண்டாம், 2024-25-க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத் தேர்வு நடக்கும் மாதங்களில் டியூஷனை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த மாதங்களுக்கு 5,000 குறையும் என்று கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சமையலில் பாதியையும் அவர் பக்கம் தள்ளிவிடுங்கள், அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்குப் படிக்க வேண்டும்.