மைசெல் ஏன் நீள்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சோப்புக் கரைசல் பற்றிய கட்டுரையில், உப்பைச் சேர்த்தால் மைசெல்கள் (சோப்பு மூலக்கூறுகள் நீரில் ஒன்றுகூடி உண்டாக்கும் நுண்ணிய திரள்கள்) கோல்களாக நீள்கின்றன என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். மூலக்கூறுகள் சேரச்சேர நீர்த்துளி பெரிய துளியாகிறது. மைசெல்லும் பெரிய உருண்டையாகாமல் ஏன் நீள வேண்டும்?

– வேதியியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். நான் அங்கே விரித்து எழுதியிருக்க வேண்டும்.

நீர்த்துளியின் உள்ளே இருப்பதும் நீர்தான். அது எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம். மைசெல்லின் உள்ளே இருப்பவை சோப்பு மூலக்கூறுகளின் வால்கள், அதாவது நீரை வெறுக்கும் நீண்ட கார்பன் சங்கிலிகள். ஒவ்வொரு வாலும் நீரைத் தொட்டு நிற்கும் தன் தலையோடு, அதாவது நீரை விரும்பும் முனையோடு, பிணைக்கப்பட்டது. எனவே உருண்டையின் ஆரம் வாலின் நீளத்தைத் தாண்ட முடியாது. தாண்டினால் நடுவில் எந்த வாலும் எட்டாத வெற்றிடம் உண்டாகும்.

கணக்கிட்டே பாருங்கள். 12 கார்பன் கொண்ட வால் முழுதாக நீண்டால் சுமார் 1.67 நானோமீட்டர், அது அடைக்கும் இடம் 0.35 கன நானோமீட்டர். அந்த ஆரமுள்ள உருண்டையில் 56 வால்கள்தான் அடங்கும். இதே நீள வால் கொண்ட சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சலவைப் பொருளின் மைசெல்லில் அளந்து கண்ட எண்ணிக்கை 60-ஐ ஒட்டியது. வாலின் நீளம் ஒன்றே இவ்வளவு சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி தலைகள். அந்த உருண்டையில் ஒரு தலைக்கு 0.63 சதுர நானோமீட்டர் பரப்பு கிடைக்கிறது. அதே ஆரமுள்ள உருளையில் 0.42 மட்டுமே. தலைகள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. ஆகவே அகலமான இடம் தரும் உருண்டையே அவற்றுக்கு ஏற்றது. உப்பு கரைந்ததும் சோடியம் அயனிகள் தலைகளைச் சூழ்ந்து அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. தலைகள் நெருங்க முடிகிறது, உருளை சாத்தியமாகிறது. வாலின் கன அளவை, தலையின் பரப்பும் வாலின் நீளமும் பெருக்கிய தொகையால் வகுத்தால் வரும் எண் மூன்றில் ஒன்றுக்குள் இருந்தால் உருண்டை, அதற்கு மேல் இரண்டில் ஒன்று வரை உருளை என்று 1976-இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வகுத்தது இதைத்தான்.

ஆனால் உருளைக்கு இரண்டு முனைகள் உண்டே! அவற்றை மூட அரைக்கோளங்கள் வேண்டும். அங்கே மாட்டிக்கொண்ட மூலக்கூறுகளுக்கு உருண்டையின் வளைவுதான்; அதற்கு ஆற்றல் செலவாகிறது. கோல் குட்டையோ நெட்டையோ, மூடிகள் இரண்டுதான். இரு கோல்கள் இணைந்தால் இரண்டு மூடிகள் மிச்சம். என் பார்வையில் வளர்ச்சியின் உந்துவிசை இந்த மிச்சம்தான். பாடநூல்கள் தலைப் பரப்போடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்படியானால் எல்லாம் இணைந்து ஒரே கோலாகிவிடாதா? ஆகாது. பல துண்டுகளாகச் சிதறியிருப்பதில் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, அதிகம். இந்த இழுபறியில் சராசரி நீளம் செறிவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. உப்பு மூடிகளின் செலவை ஏற்றுகிறது; அது சற்றே ஏறினாலும் நீளம் அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. அதனால்தான் சிறிதளவு கூடுதல் உப்பு அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது. சூடாக்கினால் கோல்கள் குறுகும்.

கோல் வடிவம் வெறும் ஊகமல்ல. 1951-இல் டிபை, அனாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பு கலந்த ஒரு சர்ஃபாக்டன்ட் (சோப்பைப் போலத் தலையும் வாலும் கொண்ட பொருள்) கரைசலில் ஒளியைச் செலுத்தி, முன்னும் பின்னும் சிதறும் ஒளியின் வேறுபாட்டிலிருந்து கோல் வடிவத்தைக் கண்டுகொண்டார்கள்.

கோல்கள் மிக நீண்டால் புழுக்களைப் போல வளைந்து பின்னிக்கொள்ளும், கரைசல் கெட்டியாகும். ஷாம்பூவை உப்பால் கெட்டியாக்குவதும் இதே வழியில்தான். உப்பு அளவு மீறினால் மறுபடி இளகிவிடும். புழுக்கள் கிளைவிடுவதும், அந்தக் கிளைச்சந்திகள் உடல் நெடுக வழுக்கிச் செல்வதும் அதற்கு ஒரு காரணம்.

ஆய்வகத்தில் வாய்ப்பிருந்தால் செட்டில் டிரைமெதில் அம்மோனியம் புரோமைடு என்ற சர்ஃபாக்டன்ட்டோடு சோடியம் சாலிசிலேட் என்ற உப்பைக் கலந்து பாருங்கள். குடுவையைச் சுழற்றிச் சட்டென நிறுத்துங்கள். புழுக்களின் பின்னல் மீள்வதால் உள்ளே இருக்கும் குமிழிகள் ஒரு கணம் பின்னோக்கித் துள்ளும்.