ஆளும் ஆளுமையும்

கேள்வி: உங்கள் தலையங்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் வாசிப்பவன் நான். எங்கள் கம்பெனியில் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். முதலில் ‘இன்ட்ரோவர்ட்’, அதாவது ஒதுங்கி இருப்பவன், என்று வந்தது. ஆறு வாரம் கழித்து அதையே எழுதினால் ‘எக்ஸ்ட்ரோவர்ட்’, கலகலப்பானவன்! இதில் எது நான்? நல்ல ஆளுமை என்று வர எப்படி எழுத வேண்டும்?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் இந்த ‘ஆளுமை’யைக் கவனித்துவிடுகிறேன். உயிரோடு இருக்கும்வரை ‘அந்த ஆளு’. இரங்கல் கூட்டத்தில் ‘மாபெரும் ஆளுமை’. நம் ஊரில் ஆளோடு சேரும் ‘மை’ பெரும்பாலும் போஸ்டர் அச்சடிக்கிற மைதான். நாலு கவிதையும் இரண்டு கருத்தரங்கமும் இருந்தால் ‘பன்முக ஆளுமை’. வெட்ட வெட்ட முளைக்கிறது. அந்தப் பட்டத்துக்கு நியாயமான உரிமை உலகத்திலேயே ஒரு வினாத்தாளுக்குத்தான் உண்டு. அது எது என்று பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு வைத்தது மையர்ஸ்-பிரிக்ஸ் வகையறாவாக இருக்கும். 1921இல் சுவிஸ் மனநல மருத்துவர் யுங் எழுதிய நூலை ஆதாரமாக வைத்து, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் கட்டியது. இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். அதெல்லாம் குற்றமில்லை. கோளாறு கோடு போட்டதில் இருக்கிறது.

ஐந்தடி ஐந்தங்குலத்தில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர் நெட்டை, கீழே இருப்பவர் குட்டை என்று பிரியுங்கள். ஊரில் நிறையப் பேர் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். செருப்பு போட்டால் நெட்டை, கழற்றினால் குட்டை. நீங்கள் இரண்டாம் முறை செருப்போடு போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்ட்ரோவர்ட்-எக்ஸ்ட்ரோவர்ட் என்பது ஒரு கோடு. இப்படி நான்கு கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துத்தான் பதினாறு வகை. ஒவ்வொரு கோட்டிலும் நூற்றுக்கு 85 பேர் இடம் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நான்கையும் பெருக்கிப் பாருங்கள்: வகை மாறாமல் மிஞ்சுவது 52 பேர்தான். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை விற்பவர்களே சொல்கிறார்கள். உங்கள் எச்.ஆருக்கு அந்தப் பக்கம் மட்டும் கண்ணில் படவில்லை போலும்.

‘ஆனாலும் அப்படியே என்னைச் சொல்லியிருக்கிறதே’ என்பீர்கள். 1948இல் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு ‘தனி’ அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வரிகள் கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து. ராசிபலன் பகுதியை ஏன் நிறுத்தினீர்கள் என்று இன்னமும் கார்டு போடும் அன்பர்களுக்கும் இதுவே பதில்.

ஆராய்ச்சிக்காரர்கள் நம்புவது ஐந்து காரணிச் சோதனையை. அதில் வகையே கிடையாது. புதுமை நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் என்று ஐந்து அளவுகோல்கள். ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். ‘கூட்டம் பிடிக்கும்’ என்று ஒரு வரி கேட்டால், ‘கூட்டத்தில் பேசாமல் ஒதுங்குவேன்’ என்று இன்னொன்று எங்கோ ஒளிந்திருக்கும். திருப்பிக் கேட்ட வரிக்கு நீங்கள் போட்ட எண்ணை ஆறிலிருந்து கழிப்பார்கள்: 5 போட்டால் 1. நேர், எதிர் வரிகள் சரிபாதி இருந்தால், எல்லாவற்றுக்கும் 5 போடும் தலையாட்டிக்குக் கிடைப்பது நட்டநடுவே 3. சரி, இங்கே யோக்கியன் வேஷம் போட முடியுமா? தாராளமாக. இதன் பெரிய ஓட்டையே அதுதான்.

வேஷத்துக்குப் பொறி வைத்தது நான் சொன்ன அந்த வினாத்தாள்: மினசோட்டா பன்முக ஆளுமைப் பட்டியல், 1943. பெயரிலேயே ‘பன்முக ஆளுமை’! மனநல மருத்துவத்துக்கு ஆனது. அதில் 15 வரிகள் பொய்யளவுகோல்: யாருக்கும் இருக்கிற சின்னச் சின்னக் குறைகள். ‘எனக்கு இல்லை’ என்று சாதித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி ஏறினால் மற்றப் பதில்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

அந்தப் பதினைந்தில் ஒன்று என்ன தெரியுமா? ‘பத்திரிகையில் வரும் தலையங்கம் ஒவ்வொன்றையும் தினமும் நான் வாசிப்பதில்லை.’ இதற்குத் ‘தவறு’ என்று போட்டீர்களோ, ஒரு புள்ளி.

உங்கள் கடிதத்தின் முதல் வரியை இன்னொரு தடவை வாசித்தேன். நன்றி.